இந்திய அரசு வலைத்தளங்களின் அணுகுதன்மை

இந்திய அரசு வலைத்தளங்களின் அணுகுதன்மை என்பது இந்திய நடுவண் அரசு, மாநில அரசுகள், ஒன்றியப் பகுதிகள், உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவற்றின் வலைத்தளங்களையும், அவற்றில் வெளியிடப்படும் ஆவணங்களையும், பார்வையற்றோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகள் பிறர் துணையின்றிப் படிக்கவும் பயன்படுத்தவும் இயலுமாறு அமைத்தலைக் குறிக்கும். பார்வையற்ற ஒருவர் வலைப்பக்கத்தின் உள்ளடக்கத்தைக் காதால் கேட்டோ பிரெயில் புள்ளிகளாக விரலால் தொட்டோ அறிகிறார். இவ்விரு வழிகளிலும் அறிய இயலாதவாறு அமைந்த ஓர் அறிவிப்பு, இணையத்தில் இடம்பெற்றிருந்தாலும், அவரைப் பொறுத்தவரை வெளியிடப்படாத அறிவிப்பே ஆகும்.

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 50.3 லட்சம் பேர் பார்வைக் குறைபாடு உடையவர்கள். அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டுதல்கள் 2009 இலும், இதற்கான சட்டக் கடமை 2017 இலும் நடைமுறைக்கு வந்தன. எண்ணிம அணுகல் அரசியலமைப்பு வழங்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என 2025 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ் வழங்கும் பகுதிகளில் இவற்றோடு, பழைய எழுத்துருக் குறியாக்கங்கள், படமாக வெளியிடப்படும் ஆணைகள் என்னும் இரு சிக்கல்களும் சேர்ந்துகொள்கின்றன.

பார்வையற்றோர் வலைத்தளத்தைப் பயன்படுத்தும் முறை

பார்வையற்றோர் கணினியையும் கைப்பேசியையும் திரை வாசிப்பான் எனப்படும் மென்பொருளின் துணையுடன் இயக்குகின்றனர். திரை வாசிப்பான் திரையில் தோன்றும் உருவத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தின் பின்னுள்ள நிரல்வரிகளில் இருந்து உரையையும், அது தலைப்பா, இணைப்பா, அட்டவணையா, படிவப் பெட்டியா என்னும் விவரத்தையும் பெற்று, பேச்சொலியாக்கிக்கோ பிரெயில் காட்டிக்கோ அனுப்புகிறது. எனவே கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றும் பக்கம், காதுக்கு ஒழுங்கற்றதாக இருக்கக்கூடும்.

பரவலாகப் பயன்படும் திரை வாசிப்பான்கள் பின்வருமாறு:

* ஜாஸ்: 1989 இல் டாஸ் இயங்குதளத்துக்காக முதலில் வெளிவந்தது. விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள்.
* என்.வி.டி.ஏ.: 2006 இல் ஆத்திரேலியாவில் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருள். இதை உருவாக்கிய மைக்கேல் கரன், ஜேம்ஸ் தே ஆகிய இருவரும் பார்வையற்றவர்கள். இலவசமாகக் கிடைப்பதால் இந்தியாவில் பலரும் பயன்படுத்துகின்றனர். இதன் இடைமுகம் தமிழிலும் உள்ளது.
* வாய்ஸ் ஓவர்: ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளில் 2005 முதலும், ஐபோனில் 2009 முதலும் உள்ளிணைந்து வருவது.
* டாக்பேக்: ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் உள்ளது. இதற்கெனத் தனியாகச் செலவிட வேண்டியதில்லை.

பார்வையுள்ளவர் ஒரு பக்கத்தை ஒரே பார்வையில் மேலோட்டமாகக் கண்டு தமக்கு வேண்டிய பகுதிக்குச் செல்கிறார். திரை வாசிப்பானைப் பயன்படுத்துபவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவதன் வழியாக இதைச் செய்கிறார். எடுத்துக்காட்டாக, என்.வி.டி.ஏ.யில் எச் விசை அடுத்த தலைப்புக்கும், கே விசை அடுத்த இணைப்புக்கும், டி விசை அடுத்த அட்டவணைக்கும், எஃப் விசை அடுத்த படிவப் பெட்டிக்கும் கொண்டு செல்லும். தலைப்பு வெறும் தடித்த எழுத்தால் மட்டும் காட்டப்பட்டு, நிரல்வரியில் தலைப்பு எனக் குறிக்கப்படாவிடில் எச் விசை பயனற்றுப் போகும். அப்பொழுது அவர் முழுப் பக்கத்தையும் முதல் வரியிலிருந்து கேட்க வேண்டியுள்ளது.

பொதுவான தடைகள்

அரசு வலைத்தளங்களில் பார்வையற்றோர் எதிர்கொள்ளும் தடைகளுள் முதன்மையானவை:

* மாற்று உரை இல்லாத படங்கள்: படத்துக்கு விளக்கம் தரப்படாதபோது திரை வாசிப்பான் "படம்" என்றோ, பொருளற்ற கோப்புப் பெயரையோ மட்டும் வாசிக்கும்.
* பெயரிடப்படாத படிவப் பெட்டிகள்: "பெயர்", "பிறந்த நாள்" என்பவை பெட்டியோடு நிரல்வரியில் இணைக்கப்படாவிடில், எந்தப் பெட்டியில் எதை எழுதுவது எனத் தெரியாது.
* கேப்ட்சா: சிதைந்த எழுத்துகளைக் கண்டு எழுதுமாறு கேட்கும் சோதனை. ஒலிவழி மாற்று இல்லாதபோது இது பார்வையற்றவரை வாயிலிலேயே நிறுத்திவிடும்.
* விசைப்பலகையால் இயக்க இயலாமை: சுட்டியை நகர்த்தினால் மட்டும் விரியும் பட்டியல்கள், நாட்காட்டியைச் சொடுக்கியே தேதியை இட வேண்டிய படிவங்கள் ஆகியவை இவ்வகையின.
* தலைப்பறை குறிக்கப்படாத அட்டவணைகள்: ஒரு கட்டத்தில் உள்ள எண்ணைக் கேட்க முடியும், அந்த எண் எந்த நாளுக்கு, எந்த ஊருக்கு உரியது என்பது தெரியாது.
* காலக்கெடு: குறுகிய நேரத்தில் தானே வெளியேற்றிவிடும் பக்கங்கள். கேட்டு நிரப்புவதற்குப் பார்த்து நிரப்புவதை விட மிகுந்த நேரம் தேவைப்படுகிறது.
* நிறத்தால் மட்டும் உணர்த்துதல்: "சிவப்பு நிறத்தில் உள்ளவை கட்டாயம்" போன்ற குறிப்புகள்.
* வருடிய ஆவணங்கள்: கையொப்பமிட்ட தாளை வருடி, அப்படத்தையே பி.டி.எஃப். கோப்பாக ஏற்றுதல். இக்கோப்பில் எழுத்து ஏதும் இல்லை. தாளின் ஒளிப்படம் மட்டுமே உள்ளது.

மேற்கண்டவற்றுள் பெரும்பாலானவை நுட்ப அளவில் கடினமானவை அல்ல. பக்கத்தையோ ஆவணத்தையோ முதலில் உருவாக்குபவர் கவனித்தால் மிகுந்த செலவின்றித் தவிர்க்கக்கூடியவை. பின்னர் திருத்துவதற்கே மிகுந்த செலவாகும்.

தமிழ் ஆவணங்களுக்கு உரிய சிக்கல்கள்

பழைய எழுத்துருக் குறியாக்கங்கள்

ஒருங்குறி பரவலாவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி உருவாக்கப்பட்டன. பாமினி எழுத்துருவில் திரையில் "தமிழ்" எனத் தோன்றும் சொல், கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே ஆகும். கண்ணால் காண்பவருக்குத் தமிழாகவே தெரியும் இப்பக்கத்தைத் திரை வாசிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாக ஒலிக்கும். இக்குறியாக்கத்தில் அமைந்த ஆவணத்தைத் தேடுபொறியாலும் தேட இயலாது.

ஒருங்குறித் தரத்தில் தமிழ் 1991 ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றது. எனினும் அலுவலகங்களில் பல்வேறு குறியாக்கங்கள் நெடுங்காலம் புழங்கின. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் ஆகிய 8-பிட்டுக் குறியாக்கங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரமாக்கியது. 2010 சூன் 23 அன்று, கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில் வெளியான அரசாணை, ஒருங்குறியையும் அனைத்து எழுத்துக் குறியாக்கமான டேஸ் 16 ஐயும் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஆவணங்கள் மாற்றி ஏற்றப்பட்டால் அன்றிப் பார்வையற்றோருக்குப் பயன்படுவதில்லை.

எழுத்து வரிசை

பழைய எழுத்துருக்களில் "கொ" என்பது ஒற்றைக்கொம்பு, க, கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியில் மெய்யெழுத்தின் இடம் முதலாகவும் உயிர்க்குறி அதன் பின்னும் அமையும். ஒருங்குறியில் எழுதப்பட்ட ஆவணமும், பி.டி.எஃப். ஆக மாற்றப்படும்போது முறையாகக் கையாளப்படாவிடில், இவ்வரிசை சிதைந்து உச்சரிக்க இயலாத சொற்களாக மாறக்கூடும். அச்சுக்கு இதனால் குறையில்லை. ஆகவே ஆவணத்தை உருவாக்கியவருக்குப் பிழை புலப்படுவதில்லை.

மொழிக் குறிப்பு

ஒரு பக்கம் எந்த மொழியில் உள்ளது என்பதை நிரல்வரியில் குறிப்பிட வேண்டும். தமிழ்ப் பக்கம் ஆங்கிலம் எனக் குறிக்கப்பட்டிருந்தால், திரை வாசிப்பான் ஆங்கிலக் குரலையே பயன்படுத்தித் தமிழ் எழுத்துகளை விட்டுவிடவோ தவறாக ஒலிக்கவோ நேரிடும். தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே மொழிக் குறிப்பு தேவை.

தமிழ்ப் பேச்சொலியாக்கம்

தமிழ் உரையைப் பேச்சாக மாற்றும் ஆய்வுகள் பல நிறுவனங்களில் நடைபெற்றுள்ளன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் "திருக்குறள்" என்னும் பெயரிலான தமிழ்ப் பேச்சொலியாக்கி உருவாக்கப்பட்டது. அச்சிட்ட தமிழ் எழுத்துகளை உணரும் மென்பொருளும் அங்கு ஆக்கப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இந்திய மொழிகளுக்கான பேச்சொலியாக்கத்தில் ஈடுபட்டுள்ளது. என்.வி.டி.ஏ.யுடன் வரும் ஈ-ஸ்பீக் என்.ஜி. தமிழை ஒலிக்கும். விண்டோசுக்கு "வள்ளுவர்" என்னும் தமிழ்க் குரலும் உண்டு. ஆகவே தமிழைப் படித்துக் காட்டும் கருவி இல்லை என்பது இன்று தடையன்று. படிப்பதற்கு உரிய எழுத்து ஆவணத்தில் இல்லாமையே பெருந்தடையாகும்.

பன்னாட்டு நெறிகள்

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1997 இல் வலை அணுகுதன்மை முன்னெடுப்பைத் தொடங்கியது. அதன் வலை உள்ளடக்க அணுகுதன்மை வழிகாட்டுதல்களின் முதற் பதிப்பு 1999 மே 5 அன்றும், 2.0 பதிப்பு 2008 திசம்பர் 11 அன்றும், 2.1 பதிப்பு 2018 சூன் 5 அன்றும், 2.2 பதிப்பு 2023 அக்டோபர் 5 அன்றும் வெளிவந்தன. 2.0 பதிப்பு 2012 இல் பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. உள்ளடக்கம் உணரத்தக்கதாக, இயக்கத்தக்கதாக, புரியத்தக்கதாக, பல்வேறு கருவிகளிலும் நிலைத்து இயங்கத்தக்கதாக இருத்தல் என்னும் நான்கு கொள்கைகளை இவை அடிப்படையாகக் கொண்டவை. நிறைவேற்றும் அளவைப் பொறுத்து ஏ, ஏஏ, ஏஏஏ என மூன்று நிலைகள் உள்ளன. அரசுகள் பெரும்பாலும் ஏஏ நிலையை இலக்காகக் கொள்கின்றன.

ஐக்கிய அமெரிக்காவில் மறுவாழ்வுச் சட்டத்தின் 508 ஆம் பிரிவு 1998 இல் திருத்தப்பட்டு, நடுவண் அரசுத் துறைகளின் மின்னணுத் தகவல்கள் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டது. ஆத்திரேலியாவில் புரூசு மக்வயர் என்னும் பார்வையற்றவர், சிட்னி ஒலிம்பிக்கு வலைத்தளத்தைத் தம்மால் படிக்க இயலவில்லை என முறையிட்டார். 2000 ஆகத்தில் மனித உரிமை ஆணையம் அவருக்குச் சார்பாக முடிவு கூறியது. கனடாவில் டோனா ஜோதன் என்னும் பார்வையற்ற பெண், அரசு வலைத்தளங்களில் வேலைக்கு விண்ணப்பிக்கவும், 2006 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தை இணையவழி நிரப்பவும் இயலாமையை எதிர்த்து அரசின் மீது வழக்குத் தொடர்ந்தார். 2010 நவம்பரில் கனடா நடுவண் நீதிமன்றம் இதைச் சமத்துவ உரிமை மீறல் எனக் கண்டு, குறைகளைக் களைய அரசுக்கு 15 மாதக் காலம் அளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2012 இல் உரிமை மீறலை உறுதிசெய்தது.

இந்தியச் சட்டங்களும் வழிகாட்டுதல்களும்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005

இச்சட்டத்தின் 4 ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தாமாகவே தகவல்களை வெளியிட வேண்டும் எனவும், அவை பொதுமக்கள் எளிதில் அணுகத்தக்க வடிவில், உள்ளூர் மொழியைக் கருத்திற்கொண்டு பரப்பப்பட வேண்டும் எனவும் கூறுகிறது. தகவல் கோருபவர் புலன் குறைபாடு உடையவராயின், அவர் தகவலைப் பெறுவதற்கு வேண்டிய உதவியைப் பொதுத் தகவல் அலுவலர் வழங்க வேண்டும் என 7 ஆம் பிரிவின் 4 ஆம் உட்பிரிவு விதிக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை

2006 திசம்பர் 13 அன்று ஏற்கப்பட்ட இவ்வுடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று உறுதிசெய்தது. இதன் 9 ஆம் உறுப்பு, கட்டடங்கள், போக்குவரத்து ஆகியவற்றோடு தகவல் தொடர்பு நுட்பங்களும் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என வலியுறுத்துகிறது.

அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டுதல்கள்

தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டுதல்கள் 2009 இல் வெளியிடப்பட்டு, நடுவண் தலைமைச் செயலக அலுவலக நடைமுறைக் கையேட்டில் சேர்க்கப்பட்டன. பின்னர் இரண்டாம் பதிப்பும், 2023 இல் மூன்றாம் பதிப்பும் வெளிவந்தன. மூன்றாம் பதிப்பு கைப்பேசிச் செயலிகளையும் உள்ளடக்கியது. வலை உள்ளடக்க வழிகாட்டுதல்களின் 2.1 பதிப்பின் ஏஏ நிலையை அடிப்படையாகக் கொண்டது. வழிகாட்டுதல்களை நிறைவேற்றும் தளங்களுக்குத் தரநிர்ணயச் சோதனை மற்றும் தரச்சான்று இயக்ககம் சோதனைக்குப் பின் சான்று வழங்குகிறது. தேசியத் தகவலியல் மையம் மாவட்ட வலைத்தளங்களுக்கென ஒரு பொது வார்ப்புரு மேடையையும் நடத்துகிறது. பக்க அமைப்பை இம்மேடை ஒழுங்குபடுத்தினாலும், அதில் ஏற்றப்படும் ஆவணத்தின் அணுகுதன்மை அதனை உருவாக்கும் அலுவலகத்தையே சார்ந்துள்ளது.

2012 இல் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம் என்னும் பெங்களூரு நிறுவனம் 7,800 அரசு வலைத்தளங்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு திறக்கவே இல்லை. திறந்தவற்றில் அணுகுதன்மைத் தடைகள் காணப்பட்டன.

கொள்கையும் இயக்கமும்

2013 அக்டோபரில் அனைவருக்குமான மின்னணு அணுகுதன்மைத் தேசியக் கொள்கைக்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2015 திசம்பர் 3 அன்று தொடங்கப்பட்ட "சுகம்ய பாரத்" இயக்கம் கட்டடங்கள், போக்குவரத்து, தகவல் தொடர்பு என்னும் மூன்று தூண்களைக் கொண்டது. அரசு வலைத்தளங்களை அணுகத்தக்கனவாக மாற்றுதல் மூன்றாம் தூணின் கீழ் வருகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016

1995 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த இச்சட்டம் 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. 40 ஆம் பிரிவு அணுகுதன்மைத் தரங்களை விதிகளாக வகுக்குமாறு நடுவண் அரசைப் பணிக்கிறது. 42 ஆம் பிரிவு ஒலி, அச்சு, மின்னணு ஊடக உள்ளடக்கங்கள் அணுகத்தக்க வடிவில் இருப்பதற்கு உரிய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. சட்டத்தை மீறுவோருக்கு 89 ஆம் பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம்.

2017 சூன் 15 அன்று அறிவிக்கப்பட்ட விதிகளின் 15 ஆம் விதி, வலைத்தளங்கள் மேற்கூறிய அரசு வழிகாட்டுதல்களைப் பின்பற்ற வேண்டும் எனவும், ஆவணங்கள் மின்னூல் வடிவிலோ எழுத்துணரப்பட்ட பி.டி.எஃப். வடிவிலோ இருக்க வேண்டும் எனவும் கூறியது. 2023 இல் செய்யப்பட்ட திருத்தத்தால் தகவல் தொடர்பு நுட்பங்களுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 17802 விதிகளில் சேர்க்கப்பட்டது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

கோவின் வலைத்தளம் (2021)

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசிக்கான முன்பதிவு கோவின் என்னும் வலைத்தளத்தின் வழியாக நடைபெற்றது. தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 மே 31 அன்று பிறப்பித்த ஆணையில், பார்வையற்றோர் அத்தளத்தில் எதிர்கொள்ளும் தடைகளைப் பட்டியலிட்டது. ஒலி அல்லது உரைவழிக் கேப்ட்சா இல்லாமை, வயது, தடுப்பூசியின் பெயர் முதலிய வடிகட்டிகளை அணுக இயலாமை, விசைப்பலகையால் இயக்க இயலாமை, போதிய நேரம் தரப்படாமை ஆகியவை அவற்றுள் சில. காலியிடங்களின் எண்ணிக்கையை அறிய முடிந்தாலும் அவற்றுக்கு உரிய விவரங்களை அறிய இயலவில்லை என்பதும் அப்பட்டியலில் இருந்தது. அட்டவணையின் தலைப்பறைகளை உரிய கட்டங்களோடு இணைத்தால் இக்குறை நீங்கும் எனவும் நீதிமன்றம் குறிப்பிட்டது. உயிர் காக்கும் சேவையிலும் ஒரு சிறு நிரல்வரிப் பிழை தடையாக நிற்கும் என்பதற்கு இது சான்றாக எடுத்துக்காட்டப்படுகிறது.

ராஜீவ் ரதூரி வழக்கு (2024)

ராஜீவ் ரதூரி என்னும் பார்வையற்றவர் 2005 இல் பொது இடங்களின் அணுகுதன்மை குறித்துத் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ஒரு முக்கியத் தீர்ப்பை வழங்கியது. 40 ஆம் பிரிவு கட்டாயத் தரங்களைக் கோருகையில், 15 ஆம் விதி பரிந்துரைத் தன்மை கொண்ட வழிகாட்டுதல்களை மட்டும் சுட்டுவதால் அது சட்டத்துக்கு முரணானது என நீதிமன்றம் கூறியது. தவிர்க்கக்கூடாத அடிப்படைத் தரங்களை 3 மாதங்களுக்குள் வரையறுக்குமாறு நடுவண் அரசுக்கு ஆணையிட்டது. வழிகாட்டுதல் என்பதற்கும் விதி என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இத்தீர்ப்பு தெளிவாக்கியது.

பிரக்யா பிரசூன், அமர் ஜெயின் வழக்குகள் (2025)

அமிலத் தாக்குதலுக்கு உள்ளான பிரக்யா பிரசூனும், பார்வையற்ற வழக்கறிஞரான அமர் ஜெயினும் தொடுத்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்டிக் காட்டுமாறு கேட்பது போன்ற நடைமுறைகள் இவ்வழக்குகளில் கேள்விக்குள்ளாயின. எண்ணிம அணுகல் அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்பு வழங்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி எனக் கூறிய உச்ச நீதிமன்றம் 20 நெறிமுறைகளை வழங்கியது.

புதுச்சேரி ஊரகப் பகுதிகள்

சட்டமும் தீர்ப்புகளும் ஊரக அளவில் எவ்வாறு பொருள்படும் என்பதைப் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைக் கொண்டு விளக்கலாம். இது புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என்னும் நான்கு பகுதிகளைக் கொண்டது. 1965 ஆம் ஆண்டு அலுவல் மொழிச் சட்டம் தமிழை அலுவல் மொழியாக ஏற்று, மாகேயில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடமளித்தது. ஆங்கிலமும் பயன்பாட்டில் உள்ளது. எனவே இவ்வரசின் வெளியீடுகளில் மொழிக் குறிப்பைச் சரியாக இடுதல் ஒரு மொழி வழங்கும் மாநிலங்களை விடவும் இன்றியமையாதது ஆகிறது.

புதுச்சேரிப் பகுதியின் ஊரக உள்ளாட்சி அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் ஆகிய ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளால் நடத்தப்படுகிறது. திருபுவனை, புதுச்சேரி - விழுப்புரம் நெடுஞ்சாலையில் மண்ணாடிப்பட்டு கொம்யூனில் அமைந்த ஊர். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் திருக்கனூரிலும், வட்டாட்சியர் அலுவலகம் வில்லியனூரிலும் உள்ளன. மாற்றுத்திறனாளிகளுக்கான நலத்திட்டங்களைச் சமூக நலத் துறை நடத்துகிறது. இவற்றை நாடும் திருபுவனைவாசி ஒருவர் பேருந்தேறி வெவ்வேறு ஊர்களுக்குச் செல்ல வேண்டும். பார்வையற்றவருக்கு இப்பயணத்துக்குப் பெரும்பாலும் ஒரு துணையாள் தேவைப்படுவதால், இருவருடைய ஒரு நாள் வேலை இழப்பாகிறது. இணையவழிச் சேவையால் மிகுந்த பயன் பெறக்கூடியவர் அவரே. தளம் அணுகத்தக்கதாக இல்லாவிடில் அப்பயனை முற்றிலும் இழப்பவரும் அவரே.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழைப் பெறுவதும் இன்று இணையவழிப் பணியாகும். தனித்துவ அடையாள அட்டைக்கான நடுவண் அரசின் வலைத்தளத்தின் வழியாகவே சான்றிதழ் வழங்கப்பட வேண்டும் என்பது 2021 சூன் 1 முதல் எல்லா மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே பார்வையற்றவர் எனச் சான்று பெறுவதற்கே ஒரு வலைத்தளத்தைக் கடக்க வேண்டியுள்ளது.

தாமே படிக்க இயலாதவர் உறவினரையோ, பொதுச் சேவை மையத்தையோ, கணினி மையத்தையோ நாடுகிறார். இதில் கட்டணம் மட்டுமன்றி மறைவுத்தன்மையும் இழக்கப்படுகிறது. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல், ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம், உதவித்தொகைத் தொகை ஆகியவற்றைப் பிறரிடம் வாய்விட்டுக் கூற நேரிடுகிறது. படிவத்தில் நிரப்பப்பட்டது தாம் கூறியதுதானா என்பதைச் சரிபார்க்கவும் வழியில்லை. அணுகுதன்மை வசதி தொடர்பானது மட்டுமன்று, தன்னாட்சி தொடர்பானது என்பதற்கு இதுவே காரணமாகும்.

வில்லியனூரில் முன்னோடித் திட்டம்

இணையத் தகவலைக் குரலாக மாற்றி ஊர்மக்களிடம் சேர்க்கும் முயற்சி இப்பகுதிக்குப் புதிதன்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 இல் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியுடன் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. ஏம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் அறிவு மையங்கள் அமைக்கப்பட்டன. அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் இருந்து பெறப்பட்ட அலை உயர முன்னறிவிப்பு, கடலோர ஊரான வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியாகத் தமிழில் மீனவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. இத்திட்டம் 2001 இல் இசுட்டாக்கோம் சவால் விருதைப் பெற்றது. இது பார்வையற்றோருக்கென அமைக்கப்பட்ட திட்டம் அன்று. எனினும், எழுத்தைப் படிக்க இயலாதவருக்கும் அதே தகவல் அதே நேரத்தில் கிடைக்க வேண்டும் என்னும் கருத்து இரண்டுக்கும் பொதுவானது. அன்று ஒரு பணியாளர் படித்துக் கூறியதை இன்று கைப்பேசியே செய்யவல்லது. தகவல் எழுத்தாக இருத்தல் மட்டுமே அதற்குத் தேவை.

அணுகத்தக்க ஆவணங்களை உருவாக்குதல்

ஆணை, அறிவிப்பு, விண்ணப்பப் படிவம் ஆகியவற்றை அலுவலகங்கள் உருவாக்கும்போது பின்பற்றத்தக்க அடிப்படை நடைமுறைகள்:

* ஆவணத்தை ஒருங்குறியில் தட்டச்சு செய்தல்.
* தலைப்புகளைத் தடித்த எழுத்தாக மட்டும் மாற்றாமல், சொற்செயலியின் தலைப்புப் பாணியைப் பயன்படுத்துதல்.
* அச்சிட்டுக் கையொப்பமிட்டு வருடிய படத்துக்கு மாற்றாக, மூலக் கோப்பில் இருந்தே பி.டி.எஃப். உருவாக்கி மின்னொப்பம் இடுதல். வருடிய படி தேவையெனில் மூல உரையையும் அதனுடன் வெளியிடுதல்.
* அட்டவணைகளில் தலைப்பு வரிசையைக் குறித்தல். கட்டங்களைத் தேவையின்றி இணைக்காதிருத்தல்.
* "இங்கே சொடுக்குக" என்பதற்கு மாற்றாக "முதியோர் உதவித்தொகை விண்ணப்பம்" என்பது போல இணைப்புக்குப் பொருளுள்ள பெயரிடுதல்.
* பழைய ஆவணங்களைக் குறியாக்க மாற்றி அல்லது எழுத்துணரி கொண்டு மாற்றி, பிழை திருத்தி ஏற்றுதல்.

சோதனை செய்வதற்கு எளிய முதற்படி, சுட்டியை விலக்கிவிட்டு டேப் விசையால் மட்டும் ஒரு விண்ணப்பத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நிரப்பிப் பார்ப்பதாகும். அடுத்தது, திரையை அணைத்துவிட்டு என்.வி.டி.ஏ. கொண்டு கேட்பது. வேவ் போன்ற தன்னியக்கச் சோதனைக் கருவிகள் மாற்று உரை உள்ளதா என்பதைக் கூறும். அது பொருத்தமானதா என்பதைக் கூறா. ஆகவே பார்வையற்ற பயனர்களைக் கொண்டு சோதிப்பது இன்றியமையாததாகக் கருதப்படுகிறது.

விமர்சனங்கள்

பல அரசு வலைத்தளங்களின் மேற்பகுதியில் எழுத்தின் அளவையும் நிறத்தையும் மாற்றும் பொத்தான்கள் இடம்பெறுகின்றன. இவை குறைபார்வை உடையோருக்கு ஓரளவு பயன்படுபவை. திரை வாசிப்பானைப் பயன்படுத்துவோருக்கு இவற்றால் பயனில்லை. அடிப்படை நிரல்வரிகள் திருந்தாத நிலையில் இவை தோற்றத்துக்கான நிறைவேற்றம் மட்டுமே என விமர்சிக்கப்படுகின்றன. "திரை வாசிப்பான் அணுகல்" என்னும் தலைப்பில் மென்பொருள்களைப் பட்டியலிடும் பக்கமும் பல தளங்களில் உண்டு. 2017 இல் நிறுத்தப்பட்ட விண்டோ-ஐஸ் மென்பொருளின் பெயரும் இத்தகைய பட்டியல்களில் இடம்பெற்றதுண்டு.

பார்வையற்றோருக்கெனத் தனியான உரைவடிவத் தளம் அமைப்பது ஒரு மாற்றாக முன்வைக்கப்பட்டதுண்டு. முதன்மைத் தளம் புதுப்பிக்கப்படும்போது தனித்தளம் பின்தங்கிவிடுவதால் இம்முறை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. பழைய ஆவணங்கள் அனைத்தையும் மாற்றுவதற்கு ஆகும் செலவும் ஆட்பற்றாக்குறையும் அலுவலகங்களால் காரணமாகக் கூறப்படுகின்றன. புதிய ஆவணங்களை இன்று முதல் ஒருங்குறி எழுத்தாக வெளியிடுவதற்கு இக்காரணம் பொருந்தாது என்பது அணுகுதன்மையை வலியுறுத்துவோரின் மறுமொழி. எழுத்தாக அமைந்த ஆவணம் தேடுவதற்கும், படியெடுப்பதற்கும், மொழிபெயர்ப்பதற்கும், குறைந்த வேக இணைப்பில் திறப்பதற்கும் எளிது என்பதால், பார்வையுள்ளோருக்கும் இதனால் நன்மை உண்டு.

இவற்றையும் பார்க்க

* திரை வாசிப்பான்
* பிரெயில்
* ஒருங்குறி
* மின்னாட்சி
* தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005
* மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016
* திருபுவனை
* வில்லியனூர்